முன்னாடி இருக்கிறவங்களைக் கேளுங்க

என் நாத்தனாரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுன்னு யாராவது கேட்டா, எனக்கு முதல்ல வாயில வர்றது திட்டுதான். நல்லது அப்புறமா வரும், அதோட முறை வரும்போது. எதுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்குன்னு என் மண்டையில அடிச்சு ஏத்தினதே அந்த அம்மாதானே.

என் வீட்டுக்காரரோட அக்கா அவங்க. நான் அண்ணின்னு கூப்பிடுவேன். மத்தவங்களுக்கு ஸ்டூலம்மா. எங்க தெருமுனை கிளினிக்குல டாக்டரம்மாவோட அறைக் கதவை ஒட்டி ஒரு மர ஸ்டூல் கிடக்கும். காலையில அதுல உட்கார்ந்தாங்கன்னா மதியம் கதவைப் பூட்டும்போதுதான் எழுந்திருப்பாங்க. முதுகு சாய்க்க ஒரு நாற்காலி வாங்கித் தர்றேன்னு டாக்டரம்மாவே சொல்லிப் பார்த்தாச்சு. "சாஞ்சா கண்ணு சொக்கும். நான் சொக்கினா அங்க ஒருத்தன் நகருவான்"னுட்டாங்க.

அங்கே டோக்கன் கிடையாது. ஒரு காலத்துல இருந்ததாம். டோக்கனை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போய், குளிச்சு, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுட்டு வந்து, "என் நம்பர் எப்படிப் போகலாம்"னு சட்டையைப் பிடிக்கிறது. வரிசை பார்க்கிற வேலைக்கு அண்ணி வந்த முதல் வாரமே அத்தனை டோக்கனையும் அள்ளிக் குப்பைத்தொட்டியில போட்டாங்க. அதுக்கப்புறம் வெறும் நாற்காலிதான். சுவரோரமா ஒண்ணோட ஒண்ணு சேர்த்து இறுக்கின இரும்பு நாற்காலிங்க. உள்ளே மணி அடிச்சா முதல் நாற்காலிக்காரர் போவார், மீதிப்பேர் அத்தனை பேரும் எழுந்து ஒரு இடம் தள்ளி உட்காரணும். அடுத்தவங்க உட்கார்ந்து சூடேறின நாற்காலியில உட்காருறது எனக்கு ஆகவே ஆகாது. அதைச் சொன்னதுக்கு, "அந்தச் சூடு இல்லேன்னா உனக்கு முன்னாடி ஒருத்தர் காத்திருந்தார்ங்கிறதே உனக்குத் தெரியாம போயிடும்"னாங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னா இப்படித்தான், பாடம் எடுப்பாங்க.

ஒருநாள் ஒருத்தர் விடிஞ்சதும் வந்து முதல் நாற்காலியில ஒரு துணிப்பையை வெச்சுட்டுப் போயிட்டார். மணி அடிச்சது. ஆள் இல்ல, பைதான் உட்கார்ந்திருக்கு. அண்ணி அதைப் பதமா ரெண்டு கையால தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து, "இந்தப் பைக்கு என்ன உடம்புக்கு? கூட வந்தவங்க யாராவது இருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் கொல்லுனு சிரிச்ச நேரம் பார்த்து அந்த மனுஷர் வாசல்ல செருப்பைக் கழட்டறார். மூஞ்சி சிவந்துபோச்சு. அன்னையிலிருந்து அவருக்குப் பைக்காரர்னு பேர் விழுந்துடுச்சு. பாவம், அவர் ஏதோ ஆபீஸ்ல பெரிய பொறுப்புல இருந்து ஓய்வு எடுத்தவராம். அதுக்கப்புறமும் வந்துக்கிட்டுதான் இருந்தார், வேற டாக்டர் பக்கத்துல இல்லையே. பையை மடியில வெச்சுக்கிட்டு, அண்ணியைப் பார்க்காம சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் சும்மா. அண்ணியோட பேர் பரவினது இன்னொரு விஷயத்துக்கு. ரத்தம், வலிப்பு, மூச்சுத்திணறல்னு யாராவது வந்தா அண்ணி யாரையும் கேட்க மாட்டாங்க, கதவைத் திறந்து உள்ளே தள்ளிடுவாங்க. மத்தபடி யார் வந்து "எனக்குக் கொஞ்சம் அவசரம்"னாலும் ஒரே பதில்தான். "என்னைக் கேட்காதீங்க. முன்னாடி இருக்கிறவங்களைக் கேளுங்க."

கேட்கணும்னா சும்மா பொதுவா ஒரு சத்தம் போட்டுட்டு நுழையறது இல்ல. கடைசி நாற்காலியில ஆரம்பிச்சு ஒவ்வொருத்தர் முன்னாடியும் போய் நின்னு, முகத்தைப் பார்த்து, என்ன அவசரம்னு சொல்லி, "உங்களுக்கு முன்னாடி போகலாமா"ன்னு கேட்கணும். சரின்னா அடுத்தவர். யாராவது முடியாதுன்னா அவருக்குப் பின்னாடி உட்காரணும். முடியாதுன்னு சொல்றவர் காரணம் சொல்ல வேண்டியதில்ல. அவரை யாரும் முறைக்கவும் கூடாது. முறைச்சா அண்ணி முறைப்பாங்க.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அவசரம் அவசரம்னு குதிச்சுக்கிட்டு வர்றவங்கள்ல பாதிப்பேர் ரெண்டாவது ஆளைத் தாண்ட மாட்டாங்க. "பரவால்ல, நான் இருந்தே பார்த்துக்கிறேன்"னு உட்கார்ந்துடுவாங்க. நிஜமாவே தவிக்கிறவங்க கேட்டா, ஒருத்தர்கூட மறுக்க மாட்டாங்க. அண்ணி சொல்வாங்க: "இடிச்சுக்கிட்டு உள்ளே போறவனுக்கு தைரியம் ஜாஸ்தின்னு நினைக்காதே. கேட்கத் தைரியம் இல்லாதவன்தான் இடிப்பான்."

இப்படி நிறைய வெச்சிருக்காங்க. கடைசி நாற்காலியில இருக்கும்போது எல்லாரும் நியாயம் பேசுவாங்களாம், முன்னாடி நகர நகர அது தேய்ஞ்சு, முதல் நாற்காலிக்கு வரும்போது வாயே திறக்க மாட்டாங்களாம். "ரெண்டே நிமிஷம்"னு கெஞ்சிட்டு உள்ளே போறவர்தான் கல்யாணம் ஆன கதையிலிருந்து ஆரம்பிப்பாராம். நான் எதிர்த்துப் பேசலாம்னு யோசிச்சு யோசிச்சுப் பார்ப்பேன், ஒண்ணும் சிக்காது. அதுவே எனக்கு இன்னும் எரிச்சல்.

என் கதையைக் கேளுங்க. ஒருதடவை காதுக்குள்ள யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலி. கையால காதைப் பொத்திக்கிட்டு ஓடினேன். சொந்த நாத்தனார், கதவு கையில, நமக்கென்ன குறைன்னு நேரா போய் நின்னா, "முன்னாடி இருக்கிறவங்களைக் கேளு"ன்னாங்க. தம்பி பொண்டாட்டிகிட்ட! அத்தனை பேர் பார்க்க! எனக்கு வந்த கோபத்துல காதுவலியே மறந்துபோச்சு. விறுவிறுன்னு வீட்டுக்கு வந்துட்டேன். வீட்டுக்காரர்கிட்ட, "உங்க அக்கா மனுஷியே இல்ல"ன்னேன். அவர் பேப்பரை இறக்காமலே, "கேட்டிருந்தா விட்டிருப்பாங்களே"ன்னார். அவங்க ரத்தம் வேற எப்படிப் பேசும்?

ஆனா எனக்கு உள்ளுக்குள்ள இருந்த கோபம் அது இல்ல. ஊரையே கேட்க வைக்கிற இந்த அம்மா, தானா யாரையும் எதுவும் கேட்டதே கிடையாது. அண்ணியோட வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தப்போ பொண்ணு கைக்குழந்தை. எங்களோட வந்துடுங்கன்னு நாங்க ரெண்டு பேரும் கூப்பிட்டோம். "தேவைப்பட்டா கேட்கிறேன்"னாங்க. மாடியில ஒரே அறை, தண்ணி கீழே இருந்து தூக்கணும். குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு இன்னொரு கையில குடத்தோட ஏறுவாங்க. பார்த்துக்கிட்டு நிக்கிற நமக்கு வயிறு எரியும், அவங்க பாட்டுக்கு ஏறுவாங்க. நான் ஏதாவது சமைச்சு அனுப்பினா, பாத்திரம் பளபளன்னு தேய்ச்சு, அதுல எதையாவது போட்டுத் திரும்பி வந்துடும். ஒரு நன்றிக்கடன்கூட மிச்சம் வைக்க மாட்டாங்க. அந்தத் "தேவைப்பட்டா" இத்தனை வருஷமா வரவே இல்ல. நமக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்காதா? நம்மகிட்ட ஒருத்தர் ஒண்ணும் கேட்கலேன்னா, நாம அவங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னுதானே அர்த்தம்?

அவங்க பொண்ணு அப்படியே தலைகீழ். என்ன சொன்னாலும் "சரி"ன்னுடும். நான் அவளுக்கு வெச்ச பேரே சரிக்குட்டி. கடைசி பிஸ்கட்டைக் கேட்டா சரி, ஜன்னலோர சீட்டைக் கேட்டா சரி. இப்படி ஒரு பொண்ணு துறைமுகத்துல கிரேன் ஓட்டப் படிச்சதுதான் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். அத்தனை உயரத்துல தனியா ஒரு கண்ணாடிக் கூண்டுல உட்கார்ந்து, கீழே இருக்கிற பெட்டியைத் தூக்கணுமாம். "பயமா இல்லையாடி?"ன்னேன். "அங்கே யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டாங்க அத்தை"ன்னா. நான் அப்பவே அதைக் காதுல வாங்கியிருக்கணும்.

வேலை கிடைச்சுடுச்சு. எல்லாப் பரிசோதனையும் முடிஞ்சு, டாக்டரம்மா ஒருதடவை பார்த்து, உடம்பு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா போதும். அதோட குறிச்ச நாள்ல பதினோரு மணிக்குள்ள போய்ச் சேரணும். தவறினா வேலை அடுத்த ஆளுக்கு.

அந்த நாள் காலையில நான் அடுப்படியில நிக்கிறேன், சரிக்குட்டி வாசல்ல வந்து நிக்கிறா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு.

"அத்தை, கையெழுத்து வாங்கல."

"என்னடி சொல்றே? வாங்கியாச்சுன்னு உங்க அம்மா சொன்னாங்களே?"

"அம்மா ஆச்சான்னு கேட்டாங்க. ம்னு சொல்லிட்டேன்."

துருவித் துருவிக் கேட்டதுல விஷயம் வெளியே வந்தது. அந்த வாரம் பூரா சாயங்காலம் கிளினிக்குக்குப் போயிருக்கா. சாயங்காலம் அண்ணி கிடையாது, மருந்து கொடுக்கிறவர் பார்த்துப்பார். ஆனா பழக்கம் அதே பழக்கம்தான். கடையில ஆள் இல்ல, குழந்தை தூங்கிடும், பஸ் போயிடும்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து இவ முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்காங்க. இவ எல்லாருக்கும் "சரி"ன்னிருக்கா. டாக்டரம்மா கிளம்பறவரைக்கும் இவ நாற்காலி முன்னாடி நகரவே இல்ல. தினமும்!

"ஸ்டூலம்மா பொண்ணாச்சேன்னு கேட்கிறாங்க அத்தை. நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?"

எனக்கு அழறதா அடிக்கிறதான்னு தெரியல. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு கிளினிக்குக்கு ஓடினேன். போய்ப் பார்த்தா பாதி நாற்காலி நிறைஞ்சிருக்கு. முதல் நாற்காலியில, மடியில பையோட, நம்ம பைக்காரர். டாக்டரம்மா இப்பதான் உள்ளே போயிருக்காங்க, முதல் மணி இன்னும் அடிக்கல.

நான் அண்ணி காதுல விஷயத்தைக் கொட்டினேன். அவங்க பொண்ணைப் பார்த்தாங்க. அவ தரையைப் பார்த்தா. திட்டு ஒண்ணும் விழல, அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

"அண்ணி, கதவைத் தட்டிப் பேப்பரை நீட்டுங்க. ஒரு நிமிஷ வேலை. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"முடியாது."

"பெத்த பொண்ணு அண்ணி! அந்தப் புள்ளை இதுக்காக என்ன பாடு பட்டிருக்கு! உங்க வரிசையைக் கொண்டுபோய் உடைப்புல போடுங்க!" நான் கத்தினதுல தண்ணி குடிச்சுக்கிட்டிருந்த ஒருத்தருக்குப் புரையேறிடுச்சு.

அண்ணி குரலை உயர்த்தல. "இந்தக் கதவு இன்னைக்கு என் பொண்ணுக்குத் திறந்தா, நாளையிலிருந்து நான் யாரைக் கேளுன்னு சொல்ல முடியும்? அவ வேலைக்குப் போவா. வரிசையில நின்னே போவா."

"அப்போ அவளையே கேட்கச் சொல்லுங்க."

"அவளா? எதிர்ல ஒருத்தர் இருமினாலே எழுந்து இடம் கொடுத்துடுவா." அண்ணி ஸ்டூலை விட்டு எழுந்தாங்க. "கேட்கிறது எப்படின்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முடியாதுன்னு சொல்றது எப்படின்னு என் வீட்டுப் பொண்ணுக்குச் சொல்லித் தரல. தப்பு என்னுது. நான் கேட்கிறேன். நீ இங்கே உட்காரு."

என்னையா? என்னைத்தான். தோளை அழுத்தி ஸ்டூல்ல உட்கார வெச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த ஸ்டூல் ஒரு பக்கம் ஆடும்ங்கிறது அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அண்ணி கடைசி நாற்காலிக்குப் பக்கத்துல போய் நின்னு, என் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. எதுக்குப் பார்க்கிறாங்கன்னு கொஞ்சம் கழிச்சுதான் புரிஞ்சுது. தொண்டையைச் செருமிக்கிட்டு, "என்னைக் கேட்காதீங்க, முன்னாடி இருக்கிறவங்களைக் கேளுங்க"ன்னேன். காதுவலி நாள்லேர்ந்து அதை அவங்களைப் பார்த்துச் சொல்லணும்னு எத்தனை ஆசை எனக்கு! சொன்னப்போ என் குரலே நடுங்கிப்போச்சு.

கடைசி நாற்காலியில ஒரு தையல்காரம்மா. அண்ணி அவங்க முன்னாடி நின்னாங்க. வாய் திறக்குது, வார்த்தை வரல. புடவைத் தலைப்பை எடுத்து வாயைத் துடைச்சுக்கிட்டாங்க. வாழ்நாள்ல கேட்டுப் பழக்கமே இல்லாத வாய் அது.

"என் பொண்ணுக்கு… வேலை கிடைச்சிருக்கு. டாக்டர் கையெழுத்தோட பதினோரு மணிக்குள்ள போகலேன்னா வேற ஆளுக்குப் போயிடும். உங்களுக்கு முன்னாடி அவளை விடுவீங்களா?"

தையல்காரம்மா பதறிப்போய், "ஐயோ ஸ்டூலம்மா, இதைப் போய் கேட்கணுமா, கூட்டிட்டுப் போங்க"ன்னு எழுந்துட்டாங்க.

"கேட்கணும். உட்காருங்க"ன்னு அண்ணி அடுத்தவர்கிட்ட போனாங்க.

ஒவ்வொருத்தர்கிட்டயும் அதே வார்த்தைதான். ஒரு டிரைவர், "தாராளமா"ன்னார். ஒரு கிழவர் காது கேட்காம மூணுதடவை சொல்ல வெச்சார், மூணுதடவையும் சொன்னாங்க. ஒரு அம்மா, "எனக்கும் இதே மாதிரி ஒருநாள் நீங்க…"ன்னு ஆரம்பிச்சு மூக்கை உறிஞ்சினாங்க. கேட்கக் கேட்க அண்ணி குரல் சரியாயிடுச்சு. முகத்துல வேர்வை மட்டும் ஊத்துது.

கடைசியில பைக்காரர் முன்னாடி போய் நின்னாங்க. கேட்டாங்க. இத்தனை காலமா சுவரையே பார்த்துக்கிட்டிருந்த மனுஷர் முதல்முறையா அண்ணி முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"முடியாது"ன்னார்.

கூட்டத்துல ஒரு முணுமுணுப்பு. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அட, கல்நெஞ்சக்காரா, அந்தப் பழசை இன்னைக்கா தீர்த்துக்கணும்? வாய் வரைக்கும் வந்துடுச்சு. அண்ணி திரும்பி என்னை ஒரு முறை முறைச்சாங்க பாருங்க, நான் ஸ்டூலோட ஒட்டிக்கிட்டேன்.

"காரணம் சொல்லணுமா?"ன்னு கேட்டார் அவர்.

"வேண்டாங்க. நன்றி." அவ்வளவுதான். அண்ணி பொண்ணைக் கூப்பிட்டு ரெண்டாவது நாற்காலியில உட்கார வெச்சாங்க, தான் பக்கத்துல நின்னுக்கிட்டாங்க. சரிக்குட்டி அம்மாவையும் அவரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. முடியாதுன்னு ஒருத்தர் சொல்றார், கேட்டவங்க நன்றி சொல்றாங்க, ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க, கூரை ஒண்ணும் இடிஞ்சு விழல. அவளுக்கு அது புதுசு.

மணி அடிச்சது. பைக்காரர் பையை நாற்காலியிலேயே வெச்சுட்டு உள்ளே போனார். வேணும்னேதான் வெச்சார்னு நான் இன்னைக்கும் சொல்வேன். சரிக்குட்டி முதல் நாற்காலிக்கு நகரணுமே. அண்ணி பையை எடுத்து, ரெண்டாவது நாற்காலியில உட்கார்ந்து, தன் மடியில வெச்சுக்கிட்டாங்க.

உள்ளே போனவர் வெளியே வர்ற வழியா தெரியல. கடிகார முள் மட்டும் நல்லா ஓடுது. அந்த நேரம் பார்த்து சிமென்ட் கடைக்காரர் வாசல்ல நுழையறார். கடைசி நாற்காலியா, வரிசையா, ஒண்ணும் பார்க்கல. கண்ணு நேரா சரிக்குட்டி மேலதான். ஒருதடவை விட்டுக்கொடுத்தவங்க முகத்தை மனுஷங்க எப்படித்தான் ஞாபகம் வெச்சுக்குறாங்களோ, கடன் கொடுத்தவங்க முகம் மட்டும் மறந்துடுது.

"பாப்பா, நேத்து ஒரு ஊசி, இன்னைக்கு இன்னொரு ஊசி போடணும். கடையில லாரி நிக்குது. நேத்து மாதிரியே கொஞ்சம் விட்டுடும்மா, நீ நல்லா இருப்பே." அத்தனை தேன் ஒழுகுது.

நான் ஸ்டூலை விட்டுப் பாதி எழுந்துட்டேன். அண்ணி ஒரு விரலைத் தூக்கினாங்க. உட்கார்ந்தேன். அண்ணி பொண்ணு பக்கம் திரும்பக்கூட இல்ல, மடியில இருந்த பையோட காதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு எதிர்சுவரைப் பார்த்தாங்க. இப்ப இவ சரின்னுட்டா, அத்தனை பேர்கிட்ட கேட்டதும் போச்சு, வேலையும் போச்சு. ஆனாலும் வாய் திறக்கல, அழுத்தக்காரி.

சரிக்குட்டி உதடு "ச"ன்னு பிரிஞ்சது. எனக்கு உயிரே போச்சு.

"முடியாதுங்க"ன்னா.

"என்னம்மா, நேத்து விட்டியே?"

"நேத்து விட்டேன். இன்னைக்கு முடியாது." அப்புறம் ஒரு மூச்சு எடுத்துக்கிட்டு, "கேட்கணும்னா கடைசியிலிருந்து கேட்டுக்கிட்டு வாங்க"ன்னா.

சிமென்ட் கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் கடைசி நாற்காலியில போய் உட்கார்ந்தார். லாரி என்ன ஆச்சோ, யார் கண்டா.

கதவு திறந்தது. பைக்காரர் வெளியே வந்து அண்ணி முன்னாடி நின்னு, தன் பையைப் பார்த்தார்.

"பைக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?"ன்னார்.

"தேவலை"ன்னு அண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. அவர் வாங்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போய், செருப்பு மாட்டும்போது குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சதை நான் பார்த்தேன்.

சரிக்குட்டி உள்ளே போன வேகத்துல கையெழுத்தோட வெளியே வந்தா. ஓடினா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிடலாம். அண்ணி அவ தலைமுடியைச் சரிபண்ணிட்டு, ஸ்டூல் பக்கம் வந்தாங்க. அடுத்த மணி அடிக்கப்போகுது, அவங்க உட்கார்ந்தாகணும். நான் எழுந்து நகர்ந்தேன். அவங்க உட்காராம என் முன்னாடியே நின்னாங்க. தையல்காரம்மா முன்னாடி நின்ன மாதிரியே, வாய் திறக்குது, வார்த்தை வரல.

"என்ன அண்ணி?"

"முதல் நாள்… அவ தனியா போறா. என்னால இதை விட்டுட்டு வர முடியாது." புடவைத் தலைப்பால வாயைத் துடைச்சுக்கிட்டாங்க. "நீ துறைமுக வாசல் வரைக்கும் அவகூடப் போயிட்டு வர்றியாம்மா?"

இத்தனை வருஷத்துல என்கிட்ட அவங்க கேட்ட முதல் விஷயம் அது. முடியாதுன்னு சொல்லி ஒரு நிமிஷம் அவங்களைத் தவிக்க விடணும்னு எனக்குள்ள ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது, பொய் சொல்ல மாட்டேன். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லையே. ஆனா என் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, இதுல எங்கே முடியாதுன்னு சொல்றது.

"சரி அண்ணி"ன்னு சொல்லிட்டு, வாசல்ல கிடந்த யார் செருப்பையோ மாட்டிக்கிட்டு, அந்தப் பொண்ணு பின்னாடி ஓடினேன்.